புது அடுக்குமாடி வீட்டில் நமக்குச் சொந்தமாகும் நிலம் எவ்வளவு? பிரிபடாத பாகம் பற்றி ஓர் எளிய விளக்கம்

வடசென்னையில் புது வீடு தேடும் இளம் தம்பதியர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடுதான் கிளம்புகிறார்கள்: எத்தனை சதுர அடி, சதுர அடி என்ன விலை. இரண்டுக்கும் பில்டரிடம் உடனே பதில் கிடைத்துவிடும். அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு கொளத்தூரையும் மாதவரத்தையும், பெரம்பூரையும் திருவொற்றியூரையும் ஒப்பிட்டு, இது மலிவு, அது அதிகம் என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் வாங்கும் பொருள் எது என்பதை அந்த இரண்டு எண்களும் சொல்வதில்லை. அடுக்குமாடியில் ஒரு வீட்டை வாங்குபவர், ஒரே விலைக்குள் இரண்டு வேறு வேறு சொத்துகளை வாங்குகிறார். ஒன்று, சுவர்களுக்குள் இருக்கும் வீடு. மற்றொன்று, அந்தக் கட்டடம் நிற்கும் நிலத்தில் ஒரு பங்கு. அந்த நிலப் பங்கைத்தான் பத்திரத்தில் பிரிபடாத பாகம் என்று எழுதுகிறார்கள். பேச்சில் யூடிஎஸ் என்கிறோம்.

இந்தச் சொல் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. பொருள்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. வங்கியில் கேட்பார்கள், அதற்காகத் தெரிந்தால் போதும் என்பார் ஒருவர். வண்டி நிறுத்தும் இடத்துக்கு அந்தப் பெயர் என்பார் மற்றொருவர். வீட்டின் பரப்பில் சரிபாதி எப்படியும் வந்துவிடும், கேட்கவே வேண்டாம் என்று தரகர் உறுதி கொடுப்பார். 20 ஆண்டு தவணை கட்டப்போகும் இருவர் இப்படிக் காதில் விழுந்ததை நம்பிக் கையெழுத்திடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

பிரிக்க முடியாத பங்கு

காசிமேட்டில் நான்கு பேர் சேர்ந்து ஒரு விசைப்படகு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் பாதிப் பணம் போடுகிறார். மீதிப் பாதியை மற்ற மூவரும் சமமாகப் போடுகிறார்கள். படகில் ஒவ்வொருவருக்கும் படுக்க ஓர் இடம் உண்டு. அந்த இடம் அவருடையது, மற்றவர் அதில் படுக்க மாட்டார். ஆனால் படகின் எந்தப் பலகை யாருடையது என்று கேட்டால் ஒருவராலும் காட்ட முடியாது. முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் உனக்கு என்று வெட்டிக்கொண்டால் படகே இருக்காது. முழுப் படகிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கணக்கில் உண்டு. ஒருநாள் படகை விற்கும்போது பணம் அந்தப் பங்கின்படிதான் பிரியும். படுத்த இடத்தின் நீள அகலத்தை அப்போது யாரும் அளக்கப்போவதில்லை.

அடுக்குமாடியிலும் இதுவே நடக்கிறது. உங்கள் வீடு நீங்கள் படுக்கும் இடம். நிலம் எல்லோருக்கும் பொது. அதில் உங்களுக்கு ஒரு பங்கு. கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் 400 சதுர அடி என்னுடையது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது, தனியாக வேலி போட முடியாது, வீட்டை வைத்துக்கொண்டு நிலப் பங்கை மட்டும் விற்பதும் நடைமுறையில் நடக்காத காரியம். ஆயினும் அது உங்கள் பெயரில் பதிவாகும் உண்மையான நில உரிமை. ஒப்புமை இந்த இடத்தில் முடிகிறது, ஏனென்றால் படகு ஆண்டுக்கு ஆண்டு தேயும், நிலம் தேயாது.

சுருக்கமாக, வீடு தனி உரிமை, நிலம் கூட்டு உரிமை. கூட்டு உரிமையில் நம்முடைய அளவு எவ்வளவு என்பதைச் சொல்லும் எண்தான் பிரிபடாத பாகம்.

அந்த எண் எப்படி வருகிறது

ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. நிலப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப் பரப்பைக் கட்டலாம் என்று சொல்லும் அந்த வரம்புக்குத் தளப் பரப்புக் குறியீடு என்று பெயர். கட்டுநர்கள் எஃப்எஸ்ஐ என்பார்கள். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 18.3 மீட்டர் உயரம் வரையுள்ள சாதாரணக் குடியிருப்புகளுக்கு இது பொதுவாக 2. அதற்கு முன்பு 1.5ஆக இருந்தது. உயரமான கட்டடங்களுக்கு 3.25 வரை அனுமதி உண்டு.

வடசென்னையில் அதிகம் கட்டப்படுவது ஒரு கிரவுண்டு, ஒன்றரை, இரண்டு கிரவுண்டு மனைகளில் எழும் சிறிய அடுக்குமாடிகள். ஒரு பழைய தனி வீட்டை இடித்து, கீழே வண்டி நிறுத்தத் தூண்தளமும் மேலே நான்கு மாடிகளும் எழுப்புவார்கள். அப்படி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஒன்றரை கிரவுண்டு 3,600 சதுர அடி. குறியீடு 2 என்பதால் 7,200 சதுர அடி கட்டலாம். அதில் எட்டு வீடுகள், எல்லாம் ஒரே அளவு என்றால் ஆளுக்கு 900 சதுர அடி. நிலத்தை எட்டாகப் பிரித்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் 450 சதுர அடி பிரிபடாத பாகம் வரவேண்டும். வீடுகள் வேறு வேறு அளவாக இருந்தால், உங்கள் வீட்டின் பரப்பை எல்லா வீடுகளின் மொத்தப் பரப்பால் வகுத்து, வருவதை நிலப் பரப்பால் பெருக்க வேண்டும். அதே கட்டடத்தில் நான்கு வீடுகள் 1,000 சதுர அடியும் நான்கு வீடுகள் 800 சதுர அடியும் இருந்தால், பெரிய வீட்டுக்கு 500, சின்ன வீட்டுக்கு 400 வரும்.

சரிபாதி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பது இதிலிருந்து விளங்கும். குறியீடு 2 இருக்கும் இடத்தில் அது ஏறத்தாழ உண்மை. குறியீடு 1.5ஆக இருந்த காலத்தில் கட்டிய பழைய வீட்டில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கலாம், 3.25 வரை கட்டிய உயர்ந்த கோபுரக் குடியிருப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆகவே பெரம்பூரில் ஒரு கோபுரத்தின் பதினான்காவது மாடி வீட்டில் 30 சதவீதமே நிலப் பங்கு என்றால் அதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. பக்கத்துத் தெருவில் நான்கு மாடிக் கட்டடத்தில் அதே 30 சதவீதம் என்றால் மீதி நிலம் எங்கே போயிற்று என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

ஒரே வீடு, மூன்று பரப்பு

பிரிபடாத பாகத்தைக் கணக்கிடப் போகும்போது ஒரு குழப்பம் குறுக்கே வரும். வீட்டின் பரப்பு என்று சொல்லப்படும் எண்ணே மூன்று வகை. 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம், அதாவது ரெரா, கார்ப்பெட் பரப்பு என்ற ஒன்றை வரையறுத்திருக்கிறது: வீட்டுக்குள் உண்மையில் புழங்கக்கூடிய தரைப் பரப்பு. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் இதில் சேரும். வெளிச்சுவர், குழாய்கள் செல்லும் இடைவெளி, பால்கனி, மொட்டை மாடி ஆகியவை சேரா. வெளிச்சுவரையும் பால்கனியையும் சேர்த்தால் வருவது கட்டுமானப் பரப்பு. அதன்மேல் மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை போன்ற பொது இடங்களில் உங்கள் வீட்டுக்குரிய பங்கையும் ஏற்றினால் வருவது விற்பனைப் பரப்பு; சூப்பர் பில்ட்-அப் என்று விளம்பரங்களில் இருப்பது இதுவே.

விளம்பரத்தில் 900 சதுர அடி என்றிருக்கும் வீட்டில் கார்ப்பெட் பரப்பு 650 அளவில் இருக்கலாம். சதுர அடி 7,000 ரூபாய் என்று 63 லட்சம் கொடுத்தால், நீங்கள் நடமாடும் தரைக்குச் சதுர அடி ஏறக்குறைய 9,700 ரூபாய் ஆகிறது. (இந்தக் கட்டுரையில் வரும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை, எந்தத் தெருவின் விலையும் அன்று.) இரண்டு பில்டர்களை ஒப்பிடும்போது இருவரிடமும் கார்ப்பெட் பரப்பையும் நிலப் பங்கையும் வாங்கி ஒப்பிடுங்கள். விற்பனைப் பரப்பு ஒருவர் ஏற்றியும் மற்றவர் குறைத்தும் சொல்லக்கூடிய எண்.

நிலப் பங்குக்கு ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்

புது வீட்டின் வாசனையும் புதுச் சுவரின் வண்ணமும் இருக்கும்போது இந்தக் கேள்வி எழுவதில்லை. கட்டடத்துக்கு ஆயுள் உண்டு. கடலோரத்தில் அது இன்னும் குறையும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரை உப்புக் காற்று வீசும் பகுதிகளில், சிமெண்டு பூச்சுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கூரையைப் பிளந்துகொண்டு வெளியே தெரிவதைப் பழைய கட்டடங்களில் எளிதாகப் பார்க்கலாம். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் அரசு கட்டிய பழைய அடுக்குமாடித் தொகுதி ஒன்று இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர் பிழைத்தார்கள். நன்றாகக் கட்டிய கட்டடம் அதைவிட நெடுநாள் நிற்கும் என்பது உண்மைதான். ஆனாலும் 25 வயதில் வீடு வாங்குபவர்கள் 60 வயதில் அதே கட்டடத்தின் முடிவைப் பார்க்க நேரிடலாம்.

அந்த முடிவு வரும்போது இரண்டில் ஒன்று நடக்கும். எல்லோரும் சேர்ந்து நிலத்தை விற்பார்கள், அல்லது ஒரு பில்டரிடம் கொடுத்துப் புதிதாகக் கட்டிக்கொள்வார்கள். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்ய வழி செய்கிறது. முன்பு ஒருவர் மறுத்தாலும் எல்லாம் நின்றுவிடும் நிலை இருந்தது. விற்றாலும் கட்டினாலும், யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு நிலப் பங்கிலிருந்துதான் தொடங்கும். அன்று உங்கள் வரவேற்பறையின் அழகு கணக்கில் வராது.

முடிவு வரை காத்திருக்கவும் வேண்டாம். பத்து ஆண்டு கழித்து வீட்டை விற்கும்போதே இந்த வேறுபாடு தெரிந்துவிடும். மேலே சொன்ன 63 லட்சம் ரூபாய் வீட்டில், அந்தத் தெருவில் நிலம் சதுர அடி 6,000 என்றால், 450 சதுர அடிக்கு 27 லட்சம் நிலத்தின் மதிப்பு. மீதி 36 லட்சம் கட்டடத்துக்கு. கட்டடத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறையும், நிலத்தின் மதிப்புதான் ஏறக்கூடியது. பங்கு 450க்குப் பதில் 300 என்றால், வாங்கிய அன்றே 9 லட்சம் ரூபாய் நிலத்தை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். மெட்ரோ 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டதால் விலை ஏறும் என்று சொல்லி விற்பவர்கள் பலர். ஏறுவது நிலத்தின் விலை. உங்கள் பெயரில் எவ்வளவு நிலம் இருக்கிறதோ அந்த அளவுக்கே அந்த ஏற்றம் உங்களுக்குரியது.

பங்கு எங்கே குறைகிறது

பெரும்பாலான சிறிய கட்டடங்கள் நில உரிமையாளரும் பில்டரும் சேர்ந்து செய்யும் கூட்டு முயற்சி. பழைய வீட்டின் உரிமையாளர் மனையைக் கொடுக்கிறார். பில்டர் தன் செலவில் கட்டுகிறார். வீடுகளைப் பாதிக்குப் பாதியோ வேறு விகிதத்திலோ பிரித்துக்கொள்கிறார்கள். நம் எட்டு வீட்டுக் கட்டடத்தில் உரிமையாளருக்கு நான்கு, பில்டருக்கு நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் தன் நான்கு வீடுகளுக்கு 2,200 சதுர அடியை வைத்துக்கொண்டு, பில்டர் விற்கும் நான்கு வீடுகளுக்கும் 1,400 மட்டும் ஒதுக்கினால், வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் 350 வரும். உரிமையாளரின் ஒவ்வொரு வீட்டுக்கும் 550. வீடுகள் எல்லாம் ஒரே அளவு, வெளியிலிருந்து பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது. இப்படி ஒதுக்கக் கூடாது என்றில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு, விலையில் அதற்கேற்ப குறைத்துக் கேட்பது வாங்குபவரின் உரிமை.

இன்னொரு வழி, பங்கை முழுவதும் விற்காமல் கொஞ்சம் பிடித்து வைப்பது. எட்டு வீடுகளையும் விற்ற பிறகும் 300, 400 சதுர அடி நிலம் பில்டர் பெயரிலேயே இருக்கும். மொட்டை மாடியில் எதிர்காலத்தில் கட்டும் உரிமை தனக்கே உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் நாளை மேலே ஒரு தளம் எழும்ப வழி திறந்துவிடுகிறது. ரெராவில் பதிவான திட்டங்களில், அனுமதி பெற்ற வரைபடத்தையும் பொதுப் பகுதிகளையும் மாற்ற வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். பதிவாகாத சிறிய திட்டத்தில் உங்களைக் காப்பது ஒப்பந்தத்தின் சொற்கள்தான். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, அனுமதியில்லாமல் கூடுதலாகக் கட்டுவது. நான்கு மாடிக்கு அனுமதி வாங்கி ஐந்தாவதையும் எழுப்பினால் எட்டு வீடுகளுக்குரிய நிலத்தைப் பத்து வீடுகள் பங்கிடும்; 450 இருந்த இடத்தில் 360. அத்துடன் முடிவதில்லை. வரைபடத்தின்படி கட்டியிருக்கிறார்கள் என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமோ (சிஎம்டிஏ) மாநகராட்சியோ தரும் பணிநிறைவுச் சான்று கிடைக்காமல் போகலாம். சிறிய கட்டடங்களுக்கு அளிக்கப்பட்டிருக்கும் விலக்கில் வராதவற்றுக்கு அந்தச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் சிக்கலாகும்.

பெரிய மனைகளில் வேறொரு காரணத்தால் நிலம் குறையும். சாலை விரிவாக்கத்துக்கும், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனையாக இருந்தால் திறந்தவெளி ஒதுக்கீட்டுக்கும் ஒரு பகுதியை அரசுக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டிவரும். இது சட்டப்படி நடப்பது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பங்கைக் கணக்கிடும்போது கொடுத்தது போக மிஞ்சிய நிலத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். தாய்ப்பத்திரத்தில், அதாவது மனையின் பழைய மூலப் பத்திரத்தில், உள்ள பரப்பை வைத்து எழுதிய பங்கு, இல்லாத நிலத்தில் எழுதிய பங்காகிவிடும். மாதவரம், மணலி, திருவொற்றியூர், கத்திவாக்கம் ஆகியவை 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. அதற்கு முந்தைய பத்திரங்களில் பழைய எல்லைகளும் பழைய புல எண்களும் இருக்கும் என்பதால், அந்தப் பகுதிகளில் மனையை ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்வது வீண் செலவு ஆகாது.

கடைசியாக, நிலமே விற்பனையில் இல்லாத வீடுகளும் உண்டு. கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ சொந்தமான மனையில் வாடகை செலுத்திக்கொண்டு கட்டடத்தை மட்டும் வைத்திருப்பது வடசென்னையின் பழைய தெருக்களில் புதிதன்று. அங்கே விற்கப்படுவது மேற்கட்டுமானம் மட்டும். பிரிபடாத பாகம் சுழியம். வழக்கத்துக்கு மாறாக விலை குறைவாக இருந்தால் முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும்.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: நிலத்தின் மொத்தப் பரப்பும், எல்லா வீடுகளின் பிரிபடாத பாகங்களையும் கூட்டினால் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கூட்டல் குறைந்தால் யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். கூடினால் யாரோ இல்லாததை விற்றிருக்கிறார்கள்.

எங்கே பார்த்துச் சரிசெய்வது

கிரயப் பத்திரத்தின் முடிவில் சொத்து விவரம் இருக்கும். ஷெட்யூல் என்பது இதைத்தான். வழக்கமாக மூன்று பகுதிகள்: முதலாவதில் முழு மனையும் அதன் நான்கு எல்லைகளும், இரண்டாவதில் உங்கள் பிரிபடாத பாகம், மூன்றாவதில் வீட்டின் எண்ணும் தளமும் பரப்பும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வரைவுப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, இந்த மூன்றையும் அனுமதி பெற்ற வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வரைபடத்தில் எத்தனை வீடுகள், பத்திரத்தில் எத்தனை வீடுகள் என்ற எளிய ஒப்பீடே பல நேரங்களில் உண்மையைக் காட்டிவிடும்.

மற்ற வீடுகளின் பங்கைத் தெரிந்துகொள்ள வில்லங்கச் சான்று உதவும். ஒரு சொத்தின்மீது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான விற்பனை, அடமானம், தானம் ஆகியவற்றின் பட்டியல்தான் வில்லங்கச் சான்று. ஈசி என்று அழைக்கப்படுவதும் அதுவே. பதிவுத்துறையின் இணையதளத்தில் புல எண்ணைக் கொடுத்துக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அந்த மனையில் ஏற்கெனவே விற்ற வீடுகளின் பத்திரங்கள் ஒவ்வொன்றும், அவற்றின் நிலப் பங்கும் அதில் வரிசையாகத் தெரியும். ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் முடியும் இந்தக் கூட்டலைச் செய்யாமல் அரைக் கோடி ரூபாய் கொடுப்பவர்களை நினைத்தால் மனம் பொறுப்பதில்லை. பதிவாகாத ஒப்பந்தங்களும் வாரிசு உரிமைச் சிக்கல்களும் இந்தச் சான்றில் தெரியாது. பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் மூன்று தலைமுறை வாரிசுகள் உள்ள மனைகள் நிறைய என்பதால், ஒரு வழக்கறிஞரிடம் தாய்ப்பத்திரம் முதல் எல்லாவற்றையும் காட்டிக் கருத்துப் பெறுவதை விட்டுவிடக் கூடாது.

எட்டு வீடுகளுக்கு மேலும் 500 சதுர மீட்டர் நிலத்துக்கு மேலும் போகும் திட்டம் ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவான திட்டத்தின் வரைபடம், கார்ப்பெட் பரப்பு, வீடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தமிழ்நாடு ரெராவின் தளத்தில் பார்க்கலாம். பதிவான திட்டத்தில் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட ஒன்றரை கிரவுண்டு, எட்டு வீட்டுக் கட்டடம் 334 சதுர மீட்டர்தான். அது பதிவுக்கே வராது. வடசென்னையின் சிறிய கட்டடங்கள் பல இந்த வரம்புக்குள் அடங்குவதால், இங்கே வாங்குபவர் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியது அதிகம்.

பத்திரச் செலவும் நிலப் பங்கும்

நிலப் பங்கைக் குறைத்து எழுதினால் பதிவுச் செலவு மிச்சம் என்று இன்னும் சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். முன்பு அதற்கு ஒரு காரணம் இருந்தது. பிரிபடாத பாகத்துக்குத் தனியாகக் கிரயப் பத்திரமும், வீட்டுக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தமும் எழுதுவார்கள். நிலத்துக்கு அதிக வரி, ஒப்பந்தத்துக்குக் குறைந்த வரி. நிலம் குறைந்தால் செலவும் குறைந்தது. 2023 டிசம்பர் 1 முதல் புது வீட்டின் முதல் விற்பனைக்கு நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பின்மேல் வரி போடப்படுகிறது: 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், அதற்குமேல் 3 கோடி வரை 5 சதவீதம், இரண்டிலும் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இந்த முறையில் நிலப் பங்கைக் குறைத்து எழுதுவதால் வாங்குபவருக்கு எந்த மிச்சமும் இல்லை. என் கருத்தில் இந்த மாற்றத்துக்குப் பிறகு கவனம் கூடுதலாகவே தேவைப்படுகிறது: முன்பு நிலத்துக்கென்று ஒரு தனிப் பத்திரம் கையில் இருந்தது, இப்போது அது சொத்து விவரத்தில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது.

பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்பதும் பரவலாகப் பேசப்படுகிறது. 2025 ஏப்ரலில் வந்த அந்தச் சலுகை 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்துகளுக்கு மட்டுமே; சென்னையின் புது வீடு எதற்கும் அது அநேகமாகப் பொருந்தாது. கட்டி முடியாத வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். கார்ப்பெட் பரப்பு 60 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம். பணிநிறைவுச் சான்று வந்த பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை.

63 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இதைப் போட்டுப் பார்த்தால், வங்கி 80 சதவீதம் வரை கடன் தரலாம், 12.6 லட்சம் கையிலிருந்து வேண்டும். பதிவுச் செலவு 4.41 லட்சம், கட்டுமானத்தில் இருந்தால் ஜிஎஸ்டி 3.15 லட்சம். ரிசர்வ் வங்கி விதிப்படி இந்த அளவுள்ள வீட்டின் மதிப்பில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்க்கப்படுவதில்லை என்பதால் அவற்றுக்கும் கைப்பணமே. ஜிஎஸ்டியையும் கையிலிருந்தே கட்டினால் மொத்தம் 20 லட்சத்துக்குச் சற்று மேல் வேண்டும்.

பத்திரத்தில் இரண்டு பெயர்கள்

கணவன், மனைவி இருவர் சம்பளமும் சேர்ந்தால்தான் கடன் கிடைக்கிறது என்பது இன்றைய நிலை. இருவரும் தவணை கட்டுகிறார்கள். பத்திரத்தில் மட்டும் ஒருவர் பெயர் இருக்கிறது. கடனில் பெயர் இருப்பதால் சொத்திலும் உரிமை இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். கடனில் சேர்ந்தவர் கடனுக்குப் பொறுப்பாளி. பத்திரத்தில் பெயர் இருப்பவரே உரிமையாளர். வருமான வரியில் வீட்டுக் கடன் சலுகை கோரவும் உரிமையாளராக இருக்க வேண்டும்.

இருவர் பெயரிலும் வாங்கும்போது 450 சதுர அடிப் பிரிபடாத பாகத்துக்குள் மேலும் ஒரு பிரிபடாத பாகம் உருவாகிறது. யாருக்கு எவ்வளவு என்று பத்திரத்தில் எழுதலாம். எழுதாமல் விட்டால், சொத்து மாற்றச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி, அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு என்பது பொது விதி. யார் எவ்வளவு போட்டார் என்பதற்குச் சான்று இல்லாவிட்டால் சமபங்கு என்று கொள்ளப்படும். மனைவியின் நகையை விற்ற பணம், கணவனின் பெற்றோர் தந்த பணம் என்று பல வழிகளில் முன்பணம் திரளும் நம் குடும்பங்களில் அந்தச் சான்று பின்னாளில் கிடைப்பது அரிது. ஆகவே வரைவுப் பத்திரம் கைக்கு வந்தவுடன், பில்டர் எழுதிய நிலப் பங்கைச் சரிபார்க்கும் அதே அமர்வில், இருவரும் உட்கார்ந்து தங்களுக்குள் உள்ள விகிதத்தையும் முடிவு செய்து பத்திரம் எழுதுபவரிடம் சொல்லிவிட வேண்டும். பதிவான பிறகு அதை மாற்றத் தனியாகத் தானப் பத்திரமோ, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ எழுத வேண்டிவரும். அதற்கும் தீர்வை உண்டு.